ஐந்தாம் படிவத்துக்குப் பின் மேற்படிப்புச் செலவு: தோட்டப்புறக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரிலும் அதைச் சுற்றியுள்ள எல்பில், டோவன்பி, ஹீவுட் போன்ற தோட்டங்களிலும் வாழும் பெற்றோரும், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வாகிய எஸ்.பி.எம். எழுதவிருக்கும் பிள்ளைகளும் மேற்படிப்புக்கான பணத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லப்படுகிறது. கணக்குப் போட வேண்டிய இடங்களில், தாயும் தந்தையும் 2025 முதல் நடப்பிலுள்ள குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 ரிங்கிட்டை ஆளுக்கு வாங்குகிறார்கள் என்றும், வீட்டு வருமானம் மாதம் 3,400 ரிங்கிட் என்றும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு பணத்தைப் பற்றி யோசித்தால் போதாதா?

போதாது. தேர்வு முடிந்த நாளுக்கும் முடிவு வெளியாகும் நாளுக்கும் இடையில் கிடைக்கும் சில மாதங்களில்தான் பெரும்பாலான குடும்பங்கள், தெரிந்தோ தெரியாமலோ, தங்கள் பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு செலவழிக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிடுகின்றன. தனியார் கல்லூரிகளின் ஆட்கள் வீட்டுக்கு வருவதும், முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்று பேசுவதும், பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த இடத்திலேயே நம் பிள்ளையும் சேரட்டும் என்ற எண்ணம் எழுவதும் அந்தக் காலத்தில்தான். அரசாங்க வழிகளில் இடம் கிடைக்குமா என்பது தெரியுமுன்பே தனியாரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்துகிற குடும்பங்கள் இன்றும் உள்ளன.

ஆகவே ஐந்தாம் படிவத்தின் நடுப்பகுதியிலேயே, அதாவது முன்னோட்டத் தேர்வுக்கு முன்பே, மூன்று காரியங்களைத் தொடங்கிவிடுவது நல்லது. ஆவணங்களைச் சேர்ப்பது முதலாவது. எந்த வழியில் போனால் எவ்வளவு செலவாகும் என்று குடும்பமாக உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது இரண்டாவது. பிள்ளையின் பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கைத் திறப்பது மூன்றாவது. அது எதற்கு என்பதைக் கீழே விளக்கியுள்ளோம்.

எந்த வழியில் போனால் எவ்வளவு செலவாகும்?

எங்கள் கருத்தில் இதுதான் முதன்மையான கேள்வி. உபகாரச் சம்பளம் கிடைக்குமா, கடன் கிடைக்குமா என்று கேட்பதற்கு முன்னால், பிள்ளை எந்த வாசல் வழியாக உள்ளே போகிறார் என்பதைக் கேட்க வேண்டும். ஒரே பட்டத்தை இருவர் வாங்கலாம். ஒருவர் சில ஆயிரம் ரிங்கிட் கடனோடும் மற்றவர் அதைப்போல் பல மடங்கு கடனோடும் வெளியே வரலாம். அந்த வேறுபாடு பெரும்பாலும் எஸ்.பி.எம். முடிந்து சில வாரங்களுக்குள் எடுத்த முடிவிலிருந்தே தொடங்குகிறது.

ஆறாம் படிவம் மிகக் குறைந்த செலவில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி. ஒன்றரை ஆண்டில் மூன்று பருவங்களாக எஸ்.டி.பி.எம். படிப்பு நடக்கிறது, பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரலாம், பேருந்துச் செலவும் புத்தகச் செலவுமே பெரும்பகுதி. எஸ்.டி.பி.எம். கடினம் என்று பலர் தயங்குகிறார்கள். கடினந்தான், ஆனால் அந்தச் சான்றிதழுக்கு உள்நாட்டில் மட்டுமல்லாமல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் மதிப்பு உண்டு. தமிழை ஒரு பாடமாக எடுக்கவும் இடமுண்டு. படிக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்குப் பணமில்லை என்ற நிலை இருந்தால், நாங்கள் முதலில் சொல்லும் வழி இதுவே.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய அரசாங்கப் படிப்பாகிய மெட்ரிகுலேஷன் பெரும்பாலோர்க்கு ஓராண்டுப் படிப்பு. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மாதம் 250 ரிங்கிட் அளவில் உதவித்தொகையும் கிடைக்கிறது. பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி கோப்பெங்கில்தான் இருக்கிறது என்றாலும், எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. 2019ஆம் ஆண்டு மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தப்பட்டபோதும் பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற ஒதுக்கீடு அப்படியே இருந்தது. எனவே விண்ணப்பியுங்கள், ஆனால் இது ஒன்றையே நம்பி இராதீர்கள்.

போலிடெக்னிக் டிப்ளோமா நம் பிள்ளைகள் போதிய அளவு கண்டுகொள்ளாத வழி. பருவக் கட்டணம் 200 ரிங்கிட். நாட்டின் முதல் போலிடெக்னிக்காகிய உங்கு ஓமார் 1969ஆம் ஆண்டு முதல் நமக்கு அருகே ஈப்போவிலேயே இயங்கிவருகிறது. நல்ல மதிப்பெண்ணோடு டிப்ளோமா முடித்தவர் அதன்பின் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரியில் பல்லாயிரம் ரிங்கிட் கட்டி வாங்கும் அதே பொறியியல் டிப்ளோமாவை இங்கே இவ்வளவு குறைந்த செலவில் படிக்க முடியும்போது, ‘போலிடெக்னிக்தானா’ என்று உறவினர் இழுப்பதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் நடைபெறும் இளங்கலைக் கல்வியியல் திட்டம் இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் குறைந்தது ஐந்து ‘ஏ’ வேண்டும், நேர்காணலும் உண்டு. படிக்கும் காலத்தில் மாதாந்திர உதவித்தொகை கிடைக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களில் பலர் இவ்வழி வந்தவர்களே.

தனியார் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் நாங்கள் ஒதுக்கச் சொல்லவில்லை. நமக்கு அருகிலுள்ள கம்பார் உத்தார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் படித்து நன்றாக வாழ்பவர்கள் ஏராளம். ஆனால் அந்த வழியின் கணக்கு வேறு. குறிப்பாக, தனியாரிடம் பட்டப்படிப்புக்கு முன் படிக்கும் ஃபவுண்டேஷன் ஆண்டுக்கு, அரசாங்கக் கல்விக் கடன் அமைப்பாகிய பி.டி.பி.டி.என். தரும் கடன் பொதுவாகக் கிடைப்பதில்லை என்பதால், அந்த ஓராண்டுச் செலவுக்குக் கைப்பணமோ கட்டணக் கழிவோ வேண்டும்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு என்கிறார்கள். பிறகு ஏன் பிள்ளைகள் பணமில்லாமல் திண்டாடுகிறார்கள்?

கல்விக் கட்டணம் குறைவு என்பது உண்மை. அரசாங்கம் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வதால், பல பட்டப்படிப்புகளில் பருவத்துக்கு ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டிய தொகையே கட்ட வேண்டியிருக்கும். திண்டாட்டம் கட்டணத்தால் வருவதில்லை. முதல் எட்டு வாரங்களில் வருகிறது.

பதிவு நாளன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், காப்புறுதி, மாணவர் மன்றச் சந்தா எல்லாவற்றையும் அன்றைக்கே கட்ட வேண்டும். பிள்ளையோடு பெற்றோரும் போவார்கள். வாடகை வண்டியோ எண்ணெய்ச் செலவோ சேரும். மெத்தை விரிப்பு, வாளி, மின்விசிறி, சட்டை காலணி என்று ஒரு பட்டியல் இருக்கும். மடிக்கணினி இல்லாமல் முதல் வாரப் பாடத்தையே ஒப்படைக்க முடியாது. இடம் கோத்தா கினபாலுவிலோ கோத்தா சமராஹானிலோ கிடைத்துவிட்டால் விமானக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். கல்விக் கடன் ஒப்புதலாகி முதல் தவணை கணக்கில் ஏறுவதற்கோ பதிவுக்குப் பின் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளை மூன்று வேளை சாப்பிட வேண்டும். வீட்டுக்குச் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு வேளை உணவோடு நாளைத் தள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த இடைவெளிக்காகவே பி.டி.பி.டி.என். முன்பணத் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. தகுதியுள்ள குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் அரசாங்க உயர்கல்விக் கூடங்களில் சேரும்போது 1,500 ரிங்கிட் வரை முன்கூட்டியே பெறலாம். பிறகு வரும் கடன் தவணையில் அதைக் கழித்துக்கொள்வார்கள். இடம் கிடைத்த கடிதம் கைக்கு வந்தவுடனே, பதிவு நாளுக்கு முன்பாகவே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். இதோடு, ஐந்தாம் படிவத்திலிருந்தே மாதம் 100 ரிங்கிட்டை ஒதுக்கி வைக்க முடிந்தால், அது முதல் பருவத்துக்கு என்று மட்டும் இருக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில அரசாங்கப் பல்கலைக்கழகங்கள், அரசாங்க உயர்கல்விக் கூடங்களுக்கான பொதுச் சேர்க்கை முறையாகிய யு.பி.யு. வழியாக இடம் கிடைக்காதவர்களுக்குத் ‘திறந்த வழி’ என்ற தனிச் சேர்க்கையை நடத்துகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றே. கட்டணம் பல மடங்கு. கடிதத்தில் உள்ள மொத்தத் தொகையைப் படிக்காமல் மகிழ்ச்சியில் ஒப்புதல் கொடுத்துவிட வேண்டாம்.

கல்லூரி முகவர் வீட்டுக்கு வந்து, ‘பி.டி.பி.டி.என். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், நீங்கள் ஒரு காசும் கட்ட வேண்டாம்’ என்கிறார். நம்பலாமா?

அவர் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். படிப்பு முடியும் வரையிலான மொத்தக் கட்டணம் எவ்வளவு, அதில் தேர்வுக் கட்டணமும் ஆய்வுக்கூடக் கட்டணமும் அடங்குமா, ஆண்டுதோறும் பி.டி.பி.டி.என். எவ்வளவு தரும், மீதியை யார் எப்போது கட்ட வேண்டும், பிள்ளை இடையில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற ஐந்து கேள்விகளுக்கும் கல்லூரியின் முத்திரையோடு விடை வாங்க வேண்டும். நேர்மையான கல்லூரி இதைக் கொடுக்கத் தயங்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் மொத்தக் கட்டணம் 60,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20,000 ஆகிறது. கடன் ஆண்டுக்கு 12,000 கிடைக்கிறது என்றால் இடைவெளி 8,000. மாதத்துக்கு ஏறத்தாழ 667 ரிங்கிட். 3,400 ரிங்கிட் வருமானமுள்ள வீட்டில் இது ஐந்தில் ஒரு பங்கு. வீட்டு வாடகை, சாப்பாடு, தம்பி தங்கைகளின் பள்ளிச் செலவு எல்லாம் போக இதை 36 மாதம் தவறாமல் கட்ட முடியுமா? முடியாதென்றால், அந்த இடைவெளி இரண்டாம் ஆண்டில் பிள்ளையின் தேர்வு அனுமதிச் சீட்டை நிறுத்தி வைக்கும் நிலுவையாக வந்து நிற்கும். பட்டமும் இல்லாமல் கடனும் தலையில் ஏறிய நிலையில் வீடு திரும்புவதைவிடப் பெரிய இழப்பு இதில் இல்லை. பி.டி.பி.டி.என். கடனைப் படிப்பை முடிக்காதவரும் திருப்பிக் கட்டித்தான் ஆக வேண்டும்.

மேலும், அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு; பிள்ளை சேரப்போகும் குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. அங்கீகாரமில்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். கடன் கிடையாது, அரசாங்க வேலைக்கும் அந்தச் சான்றிதழ் உதவாது. இலவச மடிக்கணினி தருகிறார்கள் என்பது ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும் காரணமாக ஒருபோதும் இருக்கக் கூடாது.

பி.டி.பி.டி.என். கடன் எப்படிப்பட்டது? பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் இது இலவசப் பணமல்ல என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகமே பி.டி.பி.டி.என். வட்டிக்குப் பதிலாக ‘உஜ்ரா’ என்னும் சேவைக் கட்டணத்தை ஆண்டுக்கு 1 விழுக்காடு என்று நிலையாக வசூலிக்கிறது. 20,000 ரிங்கிட் கடனைப் பத்து ஆண்டுகளில் கட்டி முடிப்பதாக வைத்துக்கொண்டால், கட்டணம் 2,000 ரிங்கிட், மொத்தம் 22,000, மாதம் ஏறத்தாழ 183 ரிங்கிட். வேலையில் சேர்ந்த பட்டதாரி சமாளிக்கக்கூடிய தொகை இது. நாட்டில் நமக்குக் கிடைக்கும் மலிவான கடன்களில் இதுவும் ஒன்று.

எவ்வளவு கிடைக்கும் என்பது குடும்ப வருமானத்தையும் படிப்பையும் பொறுத்தது. குறைந்த வருமானத்தினருக்கு அரசாங்கம் ரொக்கமாகத் தரும் எஸ்.டி.ஆர். உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முழுத் தொகைக்குத் தகுதி உண்டு. வருமானம் உயர உயரப் பங்கு குறையும். எனவே எஸ்.டி.ஆர். உதவிக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருக்கும் குடும்பங்கள் உடனே விண்ணப்பிக்க வேண்டும். அதில் கிடைக்கும் ரொக்கம் சிறிதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதே பிற உதவிகளுக்குச் சான்றாகிறது. மிக வறிய நிலையில் உள்ளவர்கள், வறியோருக்கான அரசாங்கத்தின் ‘இ-காசே’ பதிவேட்டிலும் பெயர் சேர்க்கப்பட்டுள்ளதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

முழுத் தொகை கிடைக்கும் என்பதற்காக முழுத் தொகையையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, வேறு உதவித்தொகையும் பெறும் பிள்ளை குறைந்த அளவு எடுத்தாலே போதுமானதாக இருக்கலாம். இளங்கலைப் படிப்பில் முதல் வகுப்புத் தேர்ச்சி பெறுபவர்கள், கழகத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டால், திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கோரலாம். அது தானாக வராது. பட்டம் கிடைத்தபின் உரிய காலத்துக்குள் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும்.

எஸ்.எஸ்.பி.என். கணக்கு அவசியமா? எங்களுக்கு வரிச் சலுகை தேவையில்லையே?

ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரையிலான வரிக் கழிவைப் பற்றி விளம்பரங்கள் சொல்வது வருமான வரி கட்டுபவர்களுக்கு உரியது. 1,700 ரிங்கிட் சம்பளக்காரருக்கு அதனால் பயனில்லை. எனினும் பி.டி.பி.டி.என். கடனுக்கு விண்ணப்பிக்கப் பிள்ளையின் பெயரில் இந்தக் கணக்கு இருந்தாக வேண்டும். சிறு தொகையில் இப்போதே திறந்துவிடுங்கள்.

உபகாரச் சம்பளம் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

பொதுச் சேவைத் துறையாகிய ஜே.பி.ஏ., பெட்ரோனாஸ், பேங்க் நெகாரா, யாயாசான் கசானா, யாயாசான் சைம் டார்பி, குவோக் அறவாரியம் ஆகியவை பலரும் அறிந்தவை. இவற்றுள் சில முழுச் செலவையும் ஏற்று, படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் தங்களிடமோ அரசாங்கத்திலோ வேலை செய்யக் கோரும். சில தேவையுள்ள மாணவர்களுக்குப் பகுதி உதவி தரும். பெருநிறுவனங்களின் விண்ணப்பக் காலம் எஸ்.பி.எம். முடிவு வெளியானதை ஒட்டிச் சில நாள்களோ சில வாரங்களோதான் இருக்கும். முடிவு வந்தபின் கட்டுரை எழுதத் தொடங்குபவருக்குக் காலம் போதாது.

நேர்காணலில்தான் நம் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள். மதிப்பெண் இருக்கும், பேச வராது. ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று ஆங்கிலத்திலோ மலாயிலோ கேட்டால், பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறார்கள். செம்பனைக் காட்டில் அப்பாவோடு சனிக்கிழமைகளில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டே ஒன்பது பாடம் படித்த பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அதைச் சொல்வது இரக்கம் தேடுவதாகாது. பொறுப்பையும் உழைப்பையும் காட்டும் சான்று அது. பள்ளியின் ஆலோசக ஆசிரியரையோ, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மூத்த மாணவர் ஒருவரையோ எதிரே உட்காரவைத்துப் பலமுறை பேசிப் பழக வேண்டும். புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்களையும் அலட்சியப்படுத்தக் கூடாது, யு.பி.யு. தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு அவற்றுக்கே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். உபகாரச் சம்பளத்துக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் அது கிடைக்காவிட்டாலும் நடக்கக்கூடிய திட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். தனியார் கல்லூரிகள் தரும் கட்டணக் கழிவுக்கும் உபகாரச் சம்பளம் என்றே பெயர் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பருவமும் குறிப்பிட்ட புள்ளியைத் தக்கவைத்துக்கொண்டால்தான் அது தொடரும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் சமுதாய அமைப்புகள் ஏதும் உதவுகின்றனவா?

உதவுகின்றன. ம.இ.கா. என்னும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய எம்.ஐ.இ.டி. கல்வி அறநிதி இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடன் வழங்கிவருகிறது. இந்தியர்களின் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவாகிய மித்ரா, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு அவ்வப்போது கல்வி உதவிகளை அறிவிக்கிறது. விண்ணப்பக் காலம் குறுகியது என்பதால் அதன் அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

சுங்கை சிப்புட் மக்களுக்கு இங்கே ஒரு தனித் தொடர்பு உண்டு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்துக்குத் தோட்டம் போய், மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். தாத்தா பாட்டி வாங்கிய அந்தப் பங்குச் சான்றிதழ் பழைய இரும்புப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், இன்னும் கிடக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அதை எடுத்துப் பாருங்கள். உறுப்பியம் யார் பெயரில் இருக்கிறது, வாரிசுக்கு மாற்றியாயிற்றா, உறுப்பினர் பிள்ளைகளுக்கான கல்வி ஊக்குவிப்புக்கு உங்கள் பிள்ளை தகுதி பெறுவாரா என்று சங்கத்திடம் கேளுங்கள். தாயோ தந்தையோ தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் சந்தா கட்டும் உறுப்பினராக இருந்தால் அங்கும், பேராக் மாநில அறவாரியத்திலும், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம். கிடைப்பது ஐந்நூறு ரிங்கிட்தானே என்று எண்ண வேண்டாம். முதல் பருவத்தின் பாடநூல் செலவு அதில் அடங்கிவிடும்.

அப்பாவின் இ.பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

ஊழியர் சேமநிதியாகிய இ.பி.எஃப். பணத்தை எடுக்க வழி இருக்கிறது. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டோரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது: ஓய்வுக்காலக் கணக்குக்கு 75 விழுக்காடு, சுபிட்சக் கணக்குக்கு 15 விழுக்காடு, நெகிழ்வுக் கணக்குக்கு 10 விழுக்காடு. பிள்ளையின் கல்விக்கான மீட்பு சுபிட்சக் கணக்கிலிருந்து வருகிறது. தாயும் தந்தையும் தத்தம் கணக்கிலிருந்து தனித்தனியே விண்ணப்பிக்கலாம்.

ஆனால் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். 1,700 ரிங்கிட் சம்பளத்துக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடு 187, முதலாளியின் 13 விழுக்காடு 221, ஆக 408 ரிங்கிட். அதில் சுபிட்சக் கணக்குக்குப் போவது 61 ரிங்கிட் சொச்சம்; ஓர் ஆண்டில் ஏறத்தாழ 734. பழைய இருப்போடு சேர்த்துப் பார்த்தாலும், தோட்டத் தொழிலாளியின் முதுமைக்கு இருக்கும் ஒரே சேமிப்பு அது. ஐம்பது வயதுத் தகப்பனார் அதை எடுத்துத் தனியார் கல்லூரியின் முதலாண்டுக் கட்டணமாகக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டுக்கு வழியில்லாமல் நிற்பதை நாங்கள் ஏற்கவில்லை. பிள்ளைக்குக் கடன் கொடுக்க ஓர் அமைப்பு இருக்கிறது; ஓய்வுக்காலத்துக்குக் கடன் கொடுக்க யாரும் இல்லை. மடிக்கணினி, பதிவுக் கட்டணம் போன்ற ஒருமுறைச் செலவுக்குக் கையில் வேறொன்றும் இல்லாதபோது மட்டும் இதைத் தொடலாம்.

தந்தை வேலையிடத்தில் விபத்துக்குள்ளானார், அல்லது இறந்துவிட்டார். பிள்ளையின் படிப்புக்கு ஏதும் வழியுண்டா?

உண்டு. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பாகிய சொக்சோவில் கல்விக்கென்றே ஓர் அனுகூலம் இருப்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. வேலை விபத்தில் இறந்தவர், உடல் இயலாமை ஓய்வூதியம் பெறுபவர் போன்ற சந்தாதாரர்களின் பிள்ளைகள் உயர்கல்விக்குக் கடனாகவோ உபகாரச் சம்பளமாகவோ உதவி கோரலாம். மேலும், சார்ந்தோர் ஓய்வூதியத்தில் பிள்ளையின் பங்கு பொதுவாக 21 வயதோடு நின்றுவிடும் என்றாலும், உயர்கல்விக் கூடத்தில் படித்துக்கொண்டிருப்பவருக்கு முதல் பட்டம் முடியும் வரை அது தொடரும். பிள்ளை படிக்கிறார் என்பதற்கான கடிதத்தைச் சொக்சோ அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிடுங்கள். தாய் தனியாக இதற்கு அலைய நேரிட்டால், தோட்டத்துக் கிராணியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ உடன் போய் உதவ வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்? எங்கள் வீட்டுத் தாள்களில் பெயர் ஒன்றுபோல் இல்லையே?

பிள்ளையின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். அறிக்கை, மின்கட்டணச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத குத்தகை வேலைக்காரர்கள் வருமான உறுதிமொழிக் கடிதம் எழுதிப் வட்டாரத் தலைவராகிய பெங்ஹுலுவிடமோ வேறு தகுதியுள்ள அதிகாரியிடமோ உறுதிப்படுத்த வேண்டும்.

தகப்பனார் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது தோட்டப்புறத்தில் சாதாரணம். ‘முனியாண்டி’ என்ற பெயர் ரோமன் எழுத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். கணினியில் விண்ணப்பம் தள்ளப்படும்போதுதான் இது தெரியவரும். திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், ஐந்தாம் படிவத்திலேயே தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். பிள்ளையிடம் இருப்பது நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையாகவோ, ஆவணமே இல்லாத நிலையாகவோ இருந்தால், பி.டி.பி.டி.என். உள்ளிட்ட பெரும்பாலான உதவிகள் குடிமக்களுக்கு மட்டுமே என்பதால், இது மற்ற எல்லா வேலைகளுக்கும் முந்தியது. ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம்.

நகையை அடகு வைக்கலாமா? கூட்டுப் பணம் போடலாமா?

அடகுக் கடையில் வட்டி மாதக் கணக்கில் ஓடுகிறது, பி.டி.பி.டி.என். கட்டணமோ ஆண்டுக்கு ஒரு விழுக்காடு. பதிவு நாள் செலவுக்காகக் குறுகிய காலத்துக்கு வைத்து, கடன் தவணை வந்தவுடன் மீட்பது வேறு. கல்லூரிக் கட்டணத்துக்காக ஆண்டுக்கணக்கில் வைப்பது வேறு. சீட்டுப் பிடிப்பதாகிய கூட்டுப் பணம் நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பிடித்தவர் ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை. ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர் பக்கம் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.

வீட்டு வரவு செலவைப் பிள்ளையிடம் சொல்லலாமா? மனம் உடைந்துவிடாதா?

சொல்லுங்கள். ‘நீ படி, பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பது அன்பினால் வரும் பேச்சு. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை மூன்றாண்டுக்கு மேல் நீளும் கடனுக்குக் கையெழுத்துப் போடப்போகிறார். வீட்டில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகளின் படிப்பென்று வரும்போது மட்டும் தொலைவும் செலவும் பெரிதாகத் தெரிவதும் நடக்கிறது. மகனுக்குப் போடும் அதே கணக்கை மகளுக்கும் போடுங்கள்.

எஸ்.பி.எம். முடிவு எதிர்பார்த்தபடி இல்லை என்றால்?

மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லாமல் சான்றிதழே கிடையாது. மலாய்மொழியில் கிரெடிட் இல்லாதவர் மறுதேர்வு எழுதலாம். சமூகக் கல்லூரிகள், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றில் திறன் சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன; தகுதியுள்ள திறன் பயிற்சிக்குப் பி.டி.பி.கே. என்னும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் கடன் தருகிறது. மின் கம்பியிணைப்பு, குளிர்சாதனம், பற்றவைப்பு போன்ற தொழில்களுக்கு ஈப்போ வட்டாரத்திலேயே ஆள் தேவை இருக்கிறது.

யு.பி.யு.வில் இடம் கிடைக்கவில்லை, அல்லது கேட்காத துறை கிடைத்தது. என்ன செய்வது?

மேல்முறையீட்டுக்குச் சில நாள்களே அவகாசம் தருவார்கள். முடிவு வெளியான அன்றே தொடங்குங்கள். சென்ற ஆண்டுத் தகுதிப் புள்ளியைவிட நம் புள்ளி குறைவாக உள்ள துறைகளையே மீண்டும் மீண்டும் எழுதுவதால் பயனில்லை. புள்ளிக்கு ஏற்ற, அடுத்து நெருங்கிய துறைகளை ஆலோசக ஆசிரியரோடு உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்காத துறையில் இடம் கிடைத்திருந்தால், மேல்முறையீட்டின் முடிவு தெரியும் முன் கையிலுள்ள இடத்தை நிராகரித்துவிட வேண்டாம். ஆறாம் படிவத்திலும் போலிடெக்னிக்கிலும் பதிவு நாள் தனித்தனியே வருவதால் அவற்றையும் குறித்து வையுங்கள். தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டுவதாக இருந்தால், இந்த நாள்கள் எல்லாம் கடக்கும் வரை பொறுத்திருந்து, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கட்டுங்கள்.